உரை வைத்துக்கொண்டு ‘யுலிஸிஸ்’ படிக்கலாமா?

“ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. துணைநூல் ஒன்றை வைத்துக்கொண்டு படி என்கிறார்கள். ஒரு நாவலைப் படிக்க இன்னொரு புத்தகம் வேண்டும் என்றால் அது நாவலின் குறைதானே? அப்படிப் படித்தால் படித்த கணக்கில் வருமா? வரும் என்றால் எந்த நூலை, எப்படி வைத்துக்கொள்வது?” இதுதான் கேள்வி.

கணக்கில் வருமா என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள். குறுந்தொகையை உரை இல்லாமல் படித்து ரசிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? பாட்டைப் படிக்கிறோம், பிடிபடாத இடத்தில் உ.வே.சா. உரைக்குப் போகிறோம், திரும்பப் பாட்டுக்கு வருகிறோம். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ‘யுலிஸிஸ்’ விஷயத்திலும் அந்தத் திரும்பி வருதல் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நடக்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல துணைநூலும் நாவலைக் கெடுத்துவிடும். என் அனுபவத்தில் முதல் முறை அப்படித்தான் கெட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நாவலுக்குத் துணைநூல் என்பது பின்னால் பேராசிரியர்கள் ஒட்டவைத்த ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புத்தகத்தைவிட அதன் வழிகாட்டிக்கு வயது கூட. நாவல் பாரிஸில் வெளியானது 1922 பிப்ரவரி 2 அன்று, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில். சில்வியா பீச் தன் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ புத்தகக் கடையின் பெயரில் 1000 பிரதி போட்டார். ஆனால் 1920-லேயே ஜாய்ஸ் இத்தாலிய நண்பர் கார்லோ லினாட்டிக்கு ஓர் அட்டவணை எழுதி அனுப்பிவிட்டார். எந்த அத்தியாயம் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியின் எந்தக் கட்டத்துக்கு இணை, எத்தனை மணிக்கு நடக்கிறது, உடலின் எந்த உறுப்பு அதற்குரியது என்றெல்லாம் அதில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வலேரி லார்போ பாரிஸில் நாவலைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருந்தபோது கொஞ்சம் மாற்றிய இன்னோர் அட்டவணை தயாரானது. ஆனால் புத்தகம் அச்சானபோது அத்தியாயத் தலைப்புகளைக்கூட எடுத்துவிட்டார். நண்பர்களுக்குச் சாவியைக் கொடுத்தார், புத்தகத்துக்குள் சாவியை வைக்கவில்லை. எதைச் சொல்லலாம், எதை வாசகரே கண்டுபிடிக்கட்டும் என்ற யோசனை அவருக்கே இருந்திருக்கிறது.

1933-இல் அமெரிக்காவில் இந்த நாவலின் மீதிருந்த தடையை நீக்கிய நீதிபதி ஜான் வூல்சியும் தீர்ப்பிலேயே இதைத் தொட்டார். இது எளிதில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய புத்தகம் இல்லை, சரியாக அணுக வேண்டுமானால் இதற்குத் துணைக்கோள்களாகிவிட்ட வேறு சில புத்தகங்களையும் படிப்பது நல்லது என்ற பொருளில் எழுதினார். அப்போது நாவலுக்கு வயது பதினொன்று. உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1932-இல் எழுதிய கட்டுரையில், 135-ஆம் பக்கம் வருவதற்குள் இரண்டு முறை தூங்கிப்போனதாக ஒப்புக்கொண்டார். ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில் நின்ற நீங்கள் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

குறைதானே என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாவலில் கஷ்டம் இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி.

ஒன்று, நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள தூரத்தால் வருவது. கதை 1904 ஜூன் 16, வியாழக்கிழமை, டப்ளினில் ஒரே நாளில் நடக்கிறது. பார்னெல் யார், அவர் பெயரைக் கேட்டதும் ஏன் குரல் மாறுகிறது, கத்தோலிக்கப் பூசையின் லத்தீன் வரிகள் எவை, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு தெரியும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, ஜாய்ஸ் வேண்டுமென்றே வைத்தது. ஒரு விஷயத்தைப் பாதி சொல்லிவிட்டு, மீதியை இருநூறு பக்கம் தள்ளி வேறொருவர் வாயில் வைப்பார். முதல் பாதியைப் படிக்கும்போது அது ஒரு விஷயம் என்றே நமக்குத் தெரியாது. மீதி வரும்போது சட்டென்று பின்னால் போய்ப் பொருந்தும். நாவலின் பெரிய சந்தோஷமே இதுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற துணைநூல் உதவி செய்கிற மாதிரி செய்து, கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறது.

முதல் வகைக்கு உரையைத் திறங்கள். இரண்டாவது வகைக்குப் பொறுமையாக இருங்கள். சிக்கல் என்னவென்றால் துணைநூல்கள் இந்த இரண்டையும் ஒரே குறிப்பில் கலந்து வைத்திருக்கும்.

நீங்கள் நின்ற மூன்றாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். காலை சுமார் 11 மணி. இருபத்திரண்டு வயது ஸ்டீபன் டெடாலஸ் சாண்டிமவுண்ட் கடற்கரையில் தனியாக நடக்கிறான். முதல் வாக்கியமே கண்ணுக்குத் தெரிவதன் தவிர்க்க முடியாத இயல்பு பற்றிய தத்துவச் சொற்களோடு இடிக்கிறது. பலர் அங்கேயே மூச்சு வாங்கிவிடுவார்கள். ஆனால் அவன் செய்துகொண்டிருப்பது என்ன? கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கிறான். நான் பார்க்காவிட்டாலும் உலகம் இருக்கிறதா என்று சோதிக்கிறான். பூட்சுக்கடியில் கடற்பாசியும் கிளிஞ்சலும் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது. திடீரென்று ஒரு பயம்: திறக்கும்போது எல்லாம் காணாமல் போயிருந்தால்? திறக்கிறான். எல்லாம் அப்படியே இருக்கிறது, அவன் இல்லாமலே இருந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் நாம் எல்லோரும் ஆடிய ஆட்டம்தான். அரிஸ்டாட்டில் வருகிறார், உண்மைதான், ஆனால் ஆட்டத்துக்கு நடுவில் வருகிறார். ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அரிஸ்டாட்டில் பிறகு வந்து சேர்வார்.

அதே அத்தியாயத்தில் சற்றுத் தள்ளி ஸ்டீபன் மாமா வீட்டுக்குப் போகிறான். கதவைத் தட்டுகிறான், மாமா படுக்கையில் இருந்தபடியே வரவேற்கிறார், உட்காரச் சொல்கிறார், சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிறார். பேச்செல்லாம் அப்படியே காதில் விழுகிறது. பிறகு பார்த்தால் அவன் இன்னும் மணலில்தான் நிற்கிறான். அந்த வீட்டுக்குத் திரும்புகிற வழியைத் தாண்டி வந்துவிட்டான். போகவே இல்லை, நினைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். நனவோடை என்ற சொல்லை நாம் வருஷக்கணக்காகப் புழங்குகிறோம். அந்த ஓடையில் நினைப்பதற்கும் நடப்பதற்கும் நடுவே கரை இல்லாமல் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் பக்கம் சாட்சி. இங்கே துணைநூல் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: “அவன் போகவில்லை.” அது தெரிந்ததும் பக்கம் மொத்தமும் தெளிகிறது. இப்படிப்பட்ட உதவியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதை முழுசாகப் புரிந்துகொண்டுதான் நான்காவதுக்குப் போவேன் என்று நிற்காதீர்கள். நான்காவதில் கடிகாரம் மறுபடி காலை எட்டு மணிக்குத் திரும்புகிறது. லியோபோல்ட் புளூம் அங்கேதான் வருகிறார். முப்பத்தெட்டு வயது, பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிற வேலை, எக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண் வீடு, மேலே படுக்கையில் மனைவி மாலி, கீழே காலைச் சுற்றி வரும் பூனை. அந்தப் பூனை கத்துவதைக்கூட ஜாய்ஸ் வழக்கமான மியாவ் என்று எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுத்தை ஒன்றிரண்டு மாற்றிப் போடுகிறார், காது கொடுத்துக் கேட்டு எழுதிய மாதிரி. புளூமோடு இரண்டு அத்தியாயம் நடந்துவிட்டு, ஆறாவதில் டிக்னம் என்ற நண்பரின் இறுதி ஊர்வலத்துக்கும் போய்விட்டு, அப்புறம் மூன்றாவதுக்குத் திரும்பினால் அது வேறு அத்தியாயமாக இருக்கும்.

என் முதல் முயற்சியில் என்ன தவறு நடந்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. இடது பக்கம் குறிப்புரை, வலது பக்கம் நாவல், கையில் பென்சில். ஒரு வரி படிப்பேன், குறிப்பைப் பார்ப்பேன், அடுத்த வரி. ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம் நகரும். மூன்று மாதத்தில் ஆறு அத்தியாயம் முடித்தேன். எந்தச் சர்ச் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. சவவண்டியில் உட்கார்ந்திருக்கும் புளூமின் மனசு என்ன பாடு படுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த வண்டியில் யாரோ ஒருவர் தற்கொலையை இழிவாகப் பேசுகிறார், இன்னொருவர் பதறிப்போய்ப் பேச்சை மாற்றப் பார்க்கிறார். புளூமின் அப்பா விஷம் குடித்து இறந்தவர். அந்த இடத்தை நான் இரண்டு குறிப்புகளுக்கு நடுவே தாண்டிப் போயிருந்தேன். சில வருஷம் கழித்துத் திரும்பப் படித்தபோது அதே பக்கத்தில் கண் கலங்கியது.

இப்போது நான் செய்வது இப்படி. ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில், அல்லது இரண்டு உட்காரலில், எதையும் பார்க்காமல் படிப்பேன். பாதி புரியாது. யார் எங்கே நிற்கிறார், யாரோடு பேசுகிறார் என்பது மட்டும் பிடிபட்டால் போதும். முடித்த பிறகு துணைநூலில் அந்த அத்தியாயத்துக்கான பகுதியைப் படிப்பேன். அடுத்த நாள் அத்தியாயத்தை மறுபடி படிப்பேன். இந்த இரண்டாவது வாசிப்புதான் விருந்து. இதை விட்டுவிட்டு நேராக அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுகிறவர்கள் பொழிப்புரையை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி. கதை தெரிந்திருக்கும், நாவல் கையில் இருக்காது.

ஏன் இந்த வரிசையில் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு முடிச்சை இங்கே அவிழ்க்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். மற்றவை உங்களுக்காக அப்படியே இருக்கின்றன.

ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசியில் புளூம் மருந்துக்கடையில் எலுமிச்சை சோப்பு வாங்கிக்கொண்டு, கக்கத்தில் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வெளியே வருகிறார். பேன்டம் லயன்ஸ் என்ற ஆள் எதிரே வருகிறான். பேப்பரைக் கொடு, இன்றைக்கு ஓடுகிற பிரெஞ்சுக் குதிரையைப் பற்றிப் பார்க்க வேண்டும் என்கிறான். அவனைக் கழற்றிவிட்டால் போதும் என்று புளூம் சொல்கிறார்: நீயே வைத்துக்கொள், நான் தூக்கி எறியத்தான் போனேன். லயன்ஸ் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்க்கிறான். சரி, துணிந்து பார்க்கிறேன் என்று பேப்பரைத் திருப்பித் திணித்துவிட்டு ஓடுகிறான். புளூமுக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்கும் புரியாது. பேப்பர் கேட்டவன் பேப்பர் வாங்காமல் ஏன் ஓடினான்?

எட்டாம் அத்தியாயத்தில், மதுக்கடையை விட்டு வெளியேறும் புளூமைக் காட்டி, எனக்குப் பந்தயத் துப்புக் கொடுத்தது அந்த ஆள்தான் என்று லயன்ஸ் கிசுகிசுக்கிறான். பத்தாவதில் லெனஹான் என்ற இன்னொருவன், யாரோ சொன்னார்கள் என்று உருப்படாத குதிரை மேல் பணம் கட்டப் போனான் லயன்ஸ் என்று சொல்லிச் சிரிக்கிறான். பன்னிரண்டாவதில் பந்தய முடிவு வருகிறது. ஜெயித்தது யாரும் எதிர்பார்க்காத குதிரை, ஒன்றுக்கு இருபது. பெயர் ‘த்ரோஅவே’. தூக்கி எறி!

இது ஜாய்ஸின் கற்பனையும் இல்லை. 1904 ஜூன் 16 அன்று அஸ்காட் தங்கக் கோப்பையை உண்மையிலேயே ‘த்ரோஅவே’ என்ற குதிரைதான் ஜெயித்தது.

அதற்குள் மதுக்கடையில் வதந்தி பரவிவிட்டது: புளூம் ஐந்து ஷில்லிங் கட்டி நூறு அள்ளிவிட்டார், இப்போது பணம் வாங்கத்தான் நைசாக நழுவியிருக்கிறார். அவர் உண்மையில் போனது எதற்கு? இறந்துபோன டிக்னமின் மனைவிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்க வழி செய்யும் ஆளைத் தேடி. திரும்பி வரும்போது ஜெயித்தவன் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கித் தருவான் என்று கூட்டம் காத்திருக்கிறது. அவருக்கு எதுவும் தெரியாது, வாங்கித் தரவில்லை. யூதன், கஞ்சன் என்று ஏற்கெனவே உள்ளே இருந்த வெறுப்பு இதோடு சேர்ந்து பொங்குகிறது. கடைசியில் அவர் மேல் பிஸ்கட் டின் பறந்து வருகிறது. ஒடிஸியில் ஒற்றைக்கண் அரக்கன் கப்பல் மேல் பாறையைத் தூக்கி எறிவானே, அதற்கு இணை இந்த டின். காலையில் வாய்தவறி விழுந்த ஒரு சொல், சாயங்காலம் அவர் தலையைக் குறிபார்க்கிறது.

பதினேழாவதில், நள்ளிரவு தாண்டி, சமையலறை அலமாரியில் கிழித்துப் போட்ட இரண்டு சிவப்புப் பந்தயச் சீட்டுகள் கிடப்பதை புளூம் பார்க்கிறார். அவை மாலியின் காதலன் பாய்லனுடையவை. அன்று பிற்பகல் மாலியைப் பார்க்க அந்த வீட்டுக்கு வந்துபோன பாய்லன், தோற்றுப்போன வேறு குதிரை மேல் கட்டியிருந்தான். புளூமுக்கு அப்போதுதான் நாளெல்லாம் நடந்தது கோவையாக நினைவில் வருகிறது. வருத்தப்படுகிறாரா? பணயம் வைக்கவில்லை, எதிர்பார்க்கவில்லை, ஏமாறவில்லை, திருப்தியாக இருந்தார் என்கிறது நாவல். மனைவியின் விஷயத்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தப் பேப்பர் வரிக்கு நேராகக் குறிப்புரையைத் திறந்தால், அன்று ஜெயித்த குதிரையின் பெயர் இது என்று அங்கேயே தெரிந்துவிடும். தகவல் சரிதான். ஆனால் பிஸ்கட் டின் வரை மெதுவாக வந்து சேர வேண்டிய ஒன்று அந்த ஒரு வரியில் தீர்ந்துபோகிறது.

சரி, எந்த நூல்கள்? என்னைக் கேட்டால் முதல் வாசிப்புக்கு ஹாரி பிளாமையர்ஸ் போதும். 1966-இல் வந்த அவருடைய ‘ப்ளூம்ஸ்டே புக்’ பக்கத்துக்குப் பக்கம் என்ன நடக்கிறது என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகும். பின்னால் திருத்திய பதிப்பு ‘நியூ ப்ளூம்ஸ்டே புக்’ என்ற பெயரில் கிடைக்கிறது. அவர் கிறிஸ்தவ இறையியலில் ஊறியவர். அதனால் சில இடங்களில் சிலுவையும் பலியும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேண்டுமானால் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ் 2022-இல் எழுதிய வழிகாட்டி நட்பான குரலில் பேசுகிறது.

டான் கிஃபர்டின் ‘யுலிஸிஸ் அனடேட்டட்’ அகராதி மாதிரி. ஆயிரக்கணக்கான குறிப்புகள், பெரிய அளவுப் புத்தகம். என்னைக் கெடுத்த முறைக்கு அந்த நூல் பொறுப்பில்லை, அதை நான் வாசிப்பு நூலாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. அத்தியாயம் முடிந்த பிறகு, மனசில் குத்திக்கொண்டே இருக்கிற ஏழெட்டு இடங்களுக்கு மட்டும் அதைத் திறங்கள். விலையும் அதிகம். ஜெரி ஜான்சன் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பை வாங்கினால் பின்னாலேயே நல்ல குறிப்புகள் இருக்கின்றன, தனிப் புத்தகம் தேவைப்படாமல் போகலாம்.

1930-இல் ஸ்டூவர்ட் கில்பர்ட் எழுதிய நூலை முதலில் தொடாதீர்கள் என்பேன். ஜாய்ஸின் உதவியோடு எழுதியது, மதிப்புள்ளது. ஆனால் ஒடிஸி இணை, உறுப்பு, நிறம், கலை என்று அட்டவணைக் கட்டங்களை முன்னால் நிறுத்துவதால், நாவல் ஏதோ கட்டிட வரைபடம் என்ற எண்ணம் வந்துவிடும். புளூம் பசியோடு நடக்கிறார் என்பது முதலில். ஒடிஸியைப் பொறுத்தவரை, மகன் அப்பாவைத் தேடுகிறான், அப்பா வீடு திரும்ப அலைகிறார், மனைவி காத்திருக்கிறாள் என்ற மூன்று வரி தெரிந்தால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபிராங்க் பட்ஜன். ஓவியர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜூரிக்கில் ஜாய்ஸோடு பழகியவர். 1934-இல் வந்த அவருடைய நூலில் ஆராய்ச்சி வாடையே இல்லை, சாயங்காலம் ஒரு நண்பரோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதில் ஓரிடம். ‘யுலிஸிஸ்’ எப்படிப் போகிறது என்று பட்ஜன் கேட்கிறார். நாள் முழுக்க உழைத்ததாகச் சொல்கிறார் ஜாய்ஸ். எவ்வளவு எழுதினீர்கள்? இரண்டு வாக்கியம். சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தீர்களா? இல்லை, சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன, தேடுவது அவற்றின் சரியான வரிசையை என்கிறார். எட்டாம் அத்தியாயத்தில் பெண்களின் பட்டுத்துணிகள் தொங்கும் கடை ஜன்னலைப் பார்த்து நிற்கும் புளூமின் நிலையைச் சொல்லும் வாக்கியங்கள் அவை. அணைப்புகளின் வாசனை அவனை முழுதும் தாக்கியது என்பது முதல் வாக்கியம். ஆங்கிலத்தின் வழக்கமான வரிசையில் ‘அவனை முழுதும்’ என்பது வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும். ஜாய்ஸ் அதை முன்னுக்குத் தள்ளி, தாக்கியது என்ற வினையைக் கடைசியில் வைக்கிறார். வாசனை முதலில் வருகிறது, ஆளைச் சூழ்கிறது, அதன் பிறகுதான் என்ன செய்தது என்று தெரிகிறது. வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது ஆங்கிலேயருக்குத் தெரிவதைவிடச் சீக்கிரம் காதில் படும் என்று நினைக்கிறேன்.

காது என்றதும் இன்னொன்று. அயர்லாந்து வானொலி 1982-இல், ஜாய்ஸின் நூற்றாண்டில், நாவல் முழுவதையும் நடிகர்களைக் கொண்டு ஒலிபரப்பியது. கிட்டத்தட்ட முப்பது மணி நேரம். அதைத் துணைநூல்களின் வரிசையில் முதலில் வைக்கலாம். பதினோராம் அத்தியாயம் தொடங்கும்போது தொடர்பில்லாத துண்டு வரிகள் இரண்டு பக்கத்துக்கு வரும். கண்ணால் படித்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். காதால் கேட்டால், கச்சேரிக்கு முன் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிற சத்தம். பின்னால் வரப்போகும் ஒவ்வொரு சத்தமும் அதில் ஒரு தரம் தலைகாட்டிவிட்டுப் போகிறது. கடைசி அத்தியாயம், அநேகமாக நிறுத்தற்குறியே இல்லாமல் மாலி படுக்கையில் நினைத்துக்கொண்டே போவது, கேட்டால் ஒரு கஷ்டமும் இல்லை.

முதலில் மூலம், பிறகு உரை என்ற என் பிடிவாதத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பதினான்காம் அத்தியாயம். அதற்கு மட்டும் முன்னாலேயே துணைநூலைப் படித்துவிட்டுப் போங்கள். பிரசவ மருத்துவமனையில் நடக்கிறது. மாடியில் ஒரு பெண் மூன்று நாளாக வலியில் இருக்கிறாள், கீழே மருத்துவ மாணவர்கள் குடித்துக்கொண்டு சத்தம் போடுகிறார்கள். குழந்தை வயிற்றில் வளர்வதைப் போல ஆங்கில உரைநடை பிறந்து வளர்ந்த கதையையே ஜாய்ஸ் நடையாக மாற்றி மாற்றி எழுதுகிறார். தமிழில் யோசித்துப் பார்த்தால், இறையனார் களவியல் உரையின் நடையில் ஆரம்பித்து, மணிப்பிரவாளத்தில் நுழைந்து, ஆறுமுக நாவலர் வழியாக வந்து, கடைசியில் சென்னைத் தெருப்பேச்சில் கலைந்துபோகிற ஒரே அத்தியாயம். எந்த நடை எங்கே மாறுகிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொண்ட நம்மால் அதில் நுழைய முடியாது. அதை மட்டும் வேகமாகக் கடந்து போனாலும் குற்றமில்லை.

பதினைந்தாவது நாடக வடிவம், மிக நீளம், பல பதிப்புகளில் நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்கிவிடுங்கள். பத்தாவதைப் படிக்கும்போது டப்ளின் வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மற்றபடி வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால், இரண்டு முறை படித்தும் நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும். கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. நீங்கள் தவறவிட்டதை அவர் பிடித்திருப்பார்.

பதினேழாம் அத்தியாயத்துக்கு வரும்போது மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அது முழுக்கக் கேள்வி பதில். வினாவிடைப் பாடப்புத்தகம் மாதிரி, உணர்ச்சியே இல்லாத நடை. புளூமும் ஸ்டீபனும் நடுநிசியில் கோகோ குடித்துவிட்டுக் கொல்லைப்புறம் வருகிறார்கள். ஸ்டீபன் விடைபெறுகிறான். செயின்ட் ஜார்ஜ் சர்ச்சின் மணி அடிக்கிறது. இருவர் காதிலும் என்ன கேட்டது என்று நாவல் கேட்கிறது. ஸ்டீபனுக்குச் சாகிறவர்களுக்காகச் சொல்லும் லத்தீன் ஜெபத்தின் வரிகள் கேட்கின்றன. அம்மாவின் மரணப் படுக்கையில் அவன் முழந்தாளிட மறுத்தது முதல் அத்தியாயத்திலிருந்தே நமக்குத் தெரியும். புளூமுக்குக் கேட்டது ‘ஹேஹோ, ஹேஹோ’ என்ற வெறும் மணியோசை. நான்காம் அத்தியாயத்தின் முடிவில், காலையில் இதே மணி இதே ஓசையில்தான் அவருக்குக் கேட்டது. உடனே, பாவம் டிக்னம் என்று நினைத்துக்கொண்டார்.

லத்தீன் வரிக்கு என்ன பொருள் என்று அதற்கு முன்பே துணைநூலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்கு வரும்போது அதை மூடி வையுங்கள். அடுத்த கேள்வி வரும்: அன்று காலை இந்த மணியோசையோடு புளூமுடன் சவ ஊர்வலத்தில் போனவர்கள் எல்லாம் இப்போது எங்கே? பதிலில் ஒவ்வொரு பெயராக வருகிறது. மார்ட்டின் கன்னிங்ஹாம், படுக்கையில். அடுத்தவர், படுக்கையில். அதற்கடுத்தவரும் படுக்கையில். அப்படியே போய்க் கடைசிப் பெயர்: பேடி டிக்னம், கல்லறையில்.